இடுப்பளவு உயரத்தில் ஒரு மரப் பட்டை

தினேஷ்,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். போனை எடுத்தால் வாயில் வேறு பேச்சு வருகிறது. சாப்பிட்டாயா, பூனாவில் மழையா, துணியெல்லாம் யார் துவைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் முன்னறை ஜன்னலுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காலை வெளிச்சத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சில இடங்களில் எழுத்து கோட்டைவிட்டு இறங்கியிருக்கும். ஏன் என்று போகப்போக உனக்கே தெரியும். பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே. முழுதும் படி.

போன வாரம் ஷமீம் அத்தை நம் வீட்டு நடையைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாளே, அங்கிருந்து தொடங்குகிறேன். ஷூ கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் தைத்தவள் என்ற உரிமையில் இன்றைக்கும் அவள் நம் வீட்டில் என்னைக் கேட்காமல்தான் எதையும் செய்வாள். நடைச் சுவரில் புதிதாக அடித்திருந்த தேக்குப் பட்டையையும், அதற்குக் கீழே சட்டம் சட்டமாகப் போட்டிருந்த கட்டங்களையும் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. உடனே படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டாள். நீயும் அதை உன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாய். அன்று சாயங்காலமே கூப்பிட்டு, ஹோட்டல் மாதிரி இருக்கும்மா என்றாய். கூடவே ஜெர்மனி விசா வந்துவிட்டதையும் சொன்னாய். வீட்டை அழகு பண்ணுகிற அளவுக்கு நீ தெம்பாக இருக்கிறாய், நான் நிம்மதியாகக் கிளம்பலாம் என்று சிரித்தாய். நானும் நன்றாக இருக்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு அந்த நடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். கை அந்தப் பட்டையின் மேல் இருந்தது.

அது அழகுக்காக அடித்தது இல்லை, தினேஷ். நான் பிடித்துக்கொண்டு நடப்பதற்காக அடித்தது. என் பார்வை ஓரங்களில் போய்விட்டது. நேரே இருப்பது தெரிகிறது. எழுதுகிறேன், படிக்கிறேன், அரிசியில் கல் பொறுக்குகிறேன். ஆனால் இரண்டு பக்கமும், கீழேயும் எனக்கு ஒன்றும் இல்லை. இருட்டாகக்கூட இல்லை, அதுதான் வேடிக்கை. இருட்டாக இருந்தால் முன்னமே தெரிந்திருக்கும். இல்லாததை இல்லை என்று கண் சொல்வதே இல்லை.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். போன வருஷம் மழைக்காலத்தில் பஜாரில் ஒரு சைக்கிள்காரன் மேல் மோதினேன். அவன்தான் வந்து மோதினான் என்று சண்டையும் போட்டேன். பிறகு வீட்டுக்குள்ளேயே தோள் கதவுநிலையில் இடிக்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குடத்தை நானே வைத்துவிட்டு நானே உதைத்துத் தள்ளினேன். கம்பெனியில் கடைசி வருஷங்களில் நான் செக்கிங்கில் இருந்தேன், உனக்குத் தெரியும். தையல் நூல் அளவு விலகினாலும் என் கண்ணில் படும்; அந்தக் கண்ணுக்கு ஒன்றும் வராது என்று ஒரு கர்வம் எனக்கு. வயசாகிறது, கால் தடுமாறுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியின் பவரை மாற்றலாம் என்றுதான் வேலூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே கண் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். உள்ளே வெள்ளையாக ஒரு கிண்ணம் மாதிரி இருந்தது. நடுவில் இருக்கிற புள்ளியையே பார்த்துக்கொண்டிருங்கள், சுற்றி எங்கே வெளிச்சம் மின்னினாலும் இந்தப் பட்டனை அழுத்துங்கள் என்றது ஒரு பெண். நான் பட்டனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எப்போதோ ஒன்று மின்னியது, அழுத்தினேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது, கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அது மெதுவாக, "முடிஞ்சிடுச்சும்மா" என்றது.

கண் அழுத்த நோய் என்றார் டாக்டரம்மா. சின்ன வயசுதான், உன்னைவிட நாலைந்து வயசு மூத்தவளாக இருப்பாள். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், தவறாமல் போட வேண்டும் என்று படம் போட்டு விளக்கினாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். மகன் வெளியே நிற்கிறான் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து, வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, உண்மையிலேயே யாரோ வருவார்கள் என்பதுபோல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதல் எதிரி நம் நடைதான். நீளமும் குறுகலுமாக இருந்த மனையில் உன் அப்பா கட்டிய வீடு. முன்னறையில் தொடங்கி, படுக்கையறையைத் தாண்டி, மாடிப்படி கிட்டே திரும்பி, சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் போகிற அந்த நடையில் ஒரு ஜன்னல் கிடையாது. நீ சின்ன வயசில் அதில் பந்து உருட்டி விளையாடுவாய். எனக்கு அது இப்போது ஒரு குழாய். பார்வையும் குழாய், நடையும் குழாய். சுவரைத் தொட்டுக்கொண்டு போகலாம் என்றால், நம் ஊர் உப்புத் தண்ணீரில் கட்டிய சுவர், எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் பொரிந்து பொரிந்து உதிரும். கையை வைத்தால் கையெல்லாம் சுண்ணாம்பு, புடவையெல்லாம் சுண்ணாம்பு. ஷமீம் ஒருநாள் என் தோளைத் தட்டிவிட்டு, என்னக்கா, வெள்ளையடிக்கிற வேலைக்குப் போறியா என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் போடுவதுபோல ஸ்டீல் கம்பி போடலாம்தான். போட்டால் வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். உன் பெரியம்மா அன்றைக்கே உனக்குப் போன் போடுவாள். அப்போதுதான் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். சுவர் நெடுக மரப் பட்டை அடித்து, கீழே கட்டம் கட்டமாக டிசைன். யாரோ ஒரு அம்மாள் அதன் மேல் சும்மா கையை வைத்தபடி போய்க்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஏழுமலை என்று ஒரு ஆசாரி. பேரணாம்பட்டு ரோட்டில் கடை வைத்திருக்கிறார். டி.வி. ஸ்டாண்டு, மாடுலர் கிச்சன் எல்லாம் செய்கிறவர். வாய் ஓயாத மனுஷர். சுவரைப் பார்த்ததும் டிரில்லை ஒரு இடத்தில் வைத்துக் காட்டினார். ஓட்டையிலிருந்து மாவு மாதிரி கொட்டியது. இதில் திருகாணிக்கு பிளக் நிற்காது, முதலில் கெட்டியான இடம் பார்த்து நெட்டுக்குத்தாக மரச்சட்டம் அடித்து, பின்பக்கம் ஈரம் ஏறாமல் எண்ணெய் பூசி, அப்புறம்தான் பட்டை என்றார். அதெல்லாம் ஒத்துக்கொண்டேன். உயரத்தில்தான் சண்டை வந்தது. அவர் நாற்காலி முதுகு உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட, நான் இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொன்னேன். "இன்னாம்மா இது, இவ்ளோ ஒசரத்துல யாரு வெப்பாங்க? சொவத்த ரெண்டா வெட்டுன மாதிரி இருக்கும்" என்றார். எனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றேன். பட்டை சுவரைவிட்டு நன்றாக வெளியே துருத்த வேண்டும், மேல் விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும், பின்னால் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். விளிம்பு கையை அறுக்கக் கூடாது என்பது எனக்குக் கம்பெனியில் படிந்த புத்தி. தோலை மடித்துத் தைக்கிற இடத்தைத் தடவிப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் தள்ளியதே இல்லை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்குத் தனி டேஸ்ட்டு என்று போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார்.

வேலை நடந்த நாட்களில் வீடு வீடாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. காலையில் வாசலில் வண்டிச் சத்தம், மெஷின் சத்தம், மரத்தூள் வாசனை, அவர் பெண்டாட்டியிடம் போனில் போடுகிற சண்டை. டீ போட்டால் குடிக்க இன்னொரு ஆள். அவருடைய பை எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் தடுக்கி, செருப்பு வழுக்குகிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக்கூட அவர் நம்பினார். ஒருநாள் நடையின் ஒரு பக்கத்தில் இரண்டு துண்டுப் பட்டைகளைச் சேர்க்கிற வேலை. ஒன்றை அடித்து முடித்து, மற்றதைத் தற்காலிகமாக மாட்டியிருந்தார். எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று, ரெண்டும் ஒண்ணா சேர்ந்திருக்கா பாருங்கம்மா என்றார். எனக்கு முன்னால் இருந்த துண்டைப் பார்த்தேன். வழவழவென்று நேராக இருந்தது. "சேர்ந்திருக்கு, அழகா இருக்கு, அடிச்சிடுங்க" என்றேன்.

அவர் சுவரைவிட்டு நகர்ந்து என் பக்கத்தில் வந்தார். பிறகு, "அம்மா, அந்தத் துண்டு நழுவி ஒத்த ஆணில தொங்கிக்கினு கீது. பாதி தரைல இருக்கும்மா" என்றார்.

தலையைத் திருப்பினேன். அப்போதுதான் தெரிந்தது. என் இடது கைக்குப் பக்கத்திலேயே, ஒடிந்த கிளைபோல் அது தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். தடுக்கியது, இடுப்பு உயரம், உருண்டை விளிம்பு எல்லாம் அவர் மனசில் ஒவ்வொன்றாகச் சேர்ந்ததை முகத்திலேயே பார்த்தேன். முகம் நேரே இருந்ததால் அது நன்றாகத் தெரிந்தது. பிள்ளைக்குத் தெரியுமா என்றார். தெரியாது, சொல்லவும் கூடாது என்றேன். "நான் யாருகிட்டமா சொல்லப் போறேன். ஆனா எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். அனுதாபமாக ஒரு வார்த்தை இல்லை. அடித்திருந்ததைக் கழற்ற ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவர் செய்தது வேறு வேலை. கண்ணை மூடிக்கொண்டு நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். கதவு வருகிற இடங்களில் பட்டை முடிகிறதே, கை வெறும் காற்றில் விழுமே என்று, முனைக்கு முன்னால் மரத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு குழி செதுக்கினார். முனைகளைச் சுவர்ப்பக்கம் வளைத்துவிட்டார், முந்தானை மாட்டாமல். மாடிப்படி கிட்டே திருப்பத்தில் வெட்டாமல் வளைத்துக்கொண்டே போனார். ஷமீம் போட்டோவில் உனக்குப் பூ வேலைப்பாடு மாதிரித் தெரிந்ததே, நீகூட அந்தப் பள்ளமெல்லாம் சூப்பர் என்றாயே, அதெல்லாம் என் விரலுக்கானவை. சுவர் முழுக்க டிசைன் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்று கீழே கட்டங்களையும் கூடுதலாகப் போட்டுக்கொடுத்தார். ஷமீம் வந்து, எங்கள் வீட்டிலும் இதே மாதிரி, இதே உயரத்தில் வேண்டும் என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, உங்க வீட்டுக்கு இந்த ஒசரம் ஒத்துவராதுக்கா என்று தலையைச் சொறிந்தார்.

தினேஷ், அந்த மனுஷருக்குத் தெரிந்துபோனதில் எனக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அன்றைக்குத்தான் பல மாசத்துக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். பெற்ற பிள்ளைக்குத் தெரியாது, பக்கத்திலேயே இருக்கிற ஷமீமுக்குத் தெரியாது, எங்கிருந்தோ வந்த ஒரு ஆசாரிக்குத் தெரியும். அதிலேயே எனக்குப் பாரம் இறங்கியது. வேலை முடிந்து பாலிஷும் போட்டு அவர் கிளம்பப் பார்த்தபோது, இன்னொரு கோட்டிங் வேண்டும், இந்த இடம் மங்கலாக இருக்கிறது என்றேன். மங்கலாக ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் வரவில்லை. நடை பளபளவென்று இருந்தது. அதில் நடக்க நான் மட்டும் இருந்தேன். மெஷின் சத்தம் நின்ற வீடு எவ்வளவு பெரிசு என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு உபயோகமும் இல்லாமல் அந்தக் கோடிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். இடிக்கவில்லை, தடுக்கவில்லை. இனி விழ மாட்டேன் என்று நிச்சயமானதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. விழுந்தாலாவது யாராவது வருவார்கள் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

நீ போகிற ஊரில் உனக்கு முதலில் தேவைப்படுவது இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல ரூம், நல்ல சம்பளம், குளிருக்குக் கோட்டு எல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். உன் கதவைத் தட்டுகிற ஒரு ஆளைத் தேடிக்கொள். உனக்குக் காய்ச்சல் என்றால் தெரிந்துகொள்கிற ஒருத்தர். அவர் நம் மொழி பேச வேண்டும் என்றுகூட இல்லை. உன் சுபாவம் எனக்குத் தெரியும். பேஜார் எதற்கு என்று எதையும் யாரிடமும் கேட்காமல் இருந்துவிடுவாய். அது என்னிடமிருந்தும் உன் அப்பாவிடமிருந்தும் வந்தது.

அப்பாவைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நீ பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் ஜோலார்பேட்டைக்கு டியூட்டிக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார். இதயத்தில் அடைப்பு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவர் உன்னிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. பையன் பரீட்சை முடியட்டும், அப்புறம் படுத்துக்கொள்கிறேன் என்று கூட வேலை செய்தவரிடம் சொன்னாராம். பரீட்சை முடிந்தது. படுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ரயிலில் திரும்பி வரும்போதே போய்விட்டார். காரியம் முடிந்து கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அந்த நண்பர் வந்து நம் இரண்டு பேரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். பிள்ளைக்காகத் தியாகம் செய்தார் உங்க அப்பா என்றார். நீ அதுவரை அழாமல் இருந்தவன். அப்போதும் அழவில்லை. அவர் போனதும் என்னிடம், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட உக்காந்துகினு இருந்திருப்பேன்லம்மா. எனக்குப் பரீட்சை ஜாஸ்தியா, அவரு ஜாஸ்தியா? அதை அவரே எப்படி முடிவு பண்ணாரு?" என்றாய். உன் மார்க் ஷீட் வந்தபோது அதைப் பிரித்துப் பார்க்காமல் அலமாரியில் வைத்தாய். வெகுநாள் அவர் போட்டோவுக்கு முன்னால் நீ நிற்கவே இல்லை. எனக்கு உன் கோபம் புரிந்தது. எனக்கும் அதே கோபம்தான். ஆனால் பெண்டாட்டி கோபப்பட்டால் ஊர் என்ன சொல்லும் என்று பூப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோபத்தை அனுபவித்த நானே அதையே செய்யத் துணிந்தேன். விசா வரட்டும், அவன் போய்ச் சேரட்டும், அங்கே ஊன்றிக்கொள்ளட்டும், அப்புறம் சொல்லலாம் என்று அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தேன். எது உனக்குப் பெரிசு, எது சின்னது என்பதை உனக்குப் பதிலாக நானே முடிவு பண்ணிக்கொண்டிருந்தேன். நாளை உனக்கென்று ஒரு குடும்பம் வரும். உன் நோவை அவர்களிடமிருந்து மறைத்துவிட்டு அதற்கு அன்பு என்று பேர் வைக்காதே. மறைக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சுவது என்ன என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆனால் இந்தப் புத்தி எனக்குத் தானாக வரவில்லை. அன்று போனில் விசாவைப் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். ஆபீஸ் பார்க்கிங்கில் காரை ஒரு தூணில் உரசிவிட்டாயாம். தூண் பக்கத்திலேயே இருந்ததாம், பார்க்கவே இல்லையாம். புதுக் கார், கைப்பழக்கம் இல்லை என்றாய். நான் ம் என்றேன். நீ வேறு என்னென்னவோ பேசினாய், எதுவும் என் காதில் விழவில்லை. டாக்டரம்மா அன்று கடைசியாகச் சொன்னது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "இது குடும்பத்துல வர்றதும்மா. வெளிய நிக்கிற உங்க பையனையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே நிற்காத பையனிடம் இத்தனை நாளாக அதைச் சொல்லாமல் இருந்தேன்.

தூணில் காரை உரசாதவர்கள் உலகத்தில் இல்லை. நீ சொன்ன மாதிரி அது வெறும் கைப்பழக்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நானும் சைக்கிள்காரன்மேல்தான் பழி போட்டேன். இது வலிக்காது, அரிக்காது, ஒன்றும் சொல்லாது. கண்டுபிடித்துவிட்டால் ஒரு சொட்டு மருந்தில் நிற்கிற விஷயம். ஆகையால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த உடனே, பூனாவிலேயே ஒரு நல்ல கண் ஆஸ்பத்திரிக்குப் போ. சாதாரணமாக எழுத்தைப் படிக்கவைத்து அனுப்புவார்கள், அது போதாது. அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் என்று வாயைத் திறந்து சொல். அந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நிதானமாகப் பார். எவ்வளவு வெளிச்சம் மின்னினாலும் அவ்வளவுக்கும் நீ பட்டனை அழுத்த வேண்டும். முடிவு எதுவானாலும் எனக்கு அன்றைக்கே தெரிய வேண்டும். நல்லதாக இருந்தால் மட்டும் சொல்கிற வேலை வேண்டாம்.

இனி ஜெர்மனி. நீ போவதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு எண்ணமும் இருக்கிறது. கம்பெனியில் நான் தைத்த ஷூவெல்லாம் அந்த நாட்டுக்குத்தான் போனது; பெட்டியில் பேர் ஒட்டும்போது பார்த்திருக்கிறேன். என் கை போன ஊருக்கு என் பிள்ளை போகிறான் என்பதில் பெருமை இல்லாமல் இல்லை. போகாதே, இங்கேயே இரு என்று சொல்லவும் ஒரு வாய் துடிக்கிறது. ஓசூரில், ராணிப்பேட்டையில் இல்லாத வேலையா என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டையும் உன் முன்னால் வைத்துவிட்டேன். என்ன செய்வது என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம். நீ தனியாக முடிவு பண்ணாதே, நானும் பண்ணவில்லை. டாக்டரம்மா இப்போதைக்கு என் பார்வை நின்ற இடத்தில் நிற்கிறது என்கிறாள். மருந்தைத் தவறாமல் போடுகிறேன். ஷமீமிடம் இன்று மத்தியானம் நானே சொல்லிவிடப் போகிறேன். சத்தம் போடுவாள், அழுவாள், பிறகு ராத்திரிக்குத் துணைக்கு ஒரு பேத்தியை அனுப்புகிறேன் என்பாள். அனுப்பட்டும்.

எதுவானாலும் நீ கிளம்புவதற்கு முன்னால் ஒரு தரம் வீட்டுக்கு வா. வீடியோ காலில்தான் தினமும் பார்க்கிறோமே என்று சொல்லாதே. ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. போனில் நீ சின்னதாக இருக்கிறாய்; அந்தச் சதுரம் அப்படியே என் பார்வைக்குள் அடங்கிவிடுகிறது. உன் முகம், காது, தோள், பின்னால் காய்கிற துண்டு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிகிறது. நேரில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு அவ்வளவும் கிடைக்காது. முகத்தைப் பார்த்தால் கை தெரியாது. பரவாயில்லை, வா. முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கையை நீ என் மடியில் வைத்துவிடு.

அம்மா